பனிக்காலத்து சன்ஸ்கிரீன்

மத்தி மீன் டப்பாவைக்கூட ஒழுங்காகத் திறக்கத் தெரியாதவன் துப்பறிய வந்தால் இப்படித்தான். இடது கட்டைவிரலில் ரத்தம் சொட்டிக்கொண்டிருக்க, பார்சல் ஒட்டும் டேப்பை விரலில் சுற்றலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி, பூட்ஸில் ஒட்டிய பனியைக்கூட உதறாமல் வார்னிஷ் வாசனையோடு உள்ளே வந்தார்.

"ஐயையோ, என்ன தம்பி இது! கையை இப்படிக் காட்டு."

அவர் யார், நான் யார் என்ற பேச்செல்லாம் தொடங்கும் முன்பே, அவருடைய கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்திரி டப்பா வெளியே வந்து, என் விரலுக்குக் கட்டும் போட்டாகிவிட்டது.

"டப்பாவை நீயே வச்சுக்கோ. எங்க வீட்ல இன்னும் மலையாக் குவிஞ்சு கிடக்கு."

"பாஸ்!" என்று உள்ளறையைப் பார்த்துக் குரல் கொடுத்தேன். "வைத்தியம் பார்க்க ஆள் வந்தாச்சு. கூடவே ஒரு கேஸும் இருக்கும் போலிருக்கு."

வெர்னா டூடெக் காபிக் கோப்பையோடு வெளியே வந்தார். ஒரு காலத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம்களைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர். இப்போது டன்பர் ஃபால்ஸ் ஊரில், சலவைக் கடைக்கு மேல் மாடியில், துப்பறியும் அலுவலகம் நடத்துகிறார். கீழே துணி உலர்த்தும் மெஷின்கள் ஓடும்போது எங்கள் நாற்காலிகள் நடுங்கும். ஹீட்டர் செலவு மிச்சம், அது ஒன்றுதான் லாபம்.

"உக்காருங்க. பேரு?"

"மார்லிஸ் ட்வீட். ஹேக்லண்ட் துடுப்புக் கம்பெனில வார்னிஷ் அடிக்கிறேன். எங்க முதலாளி ஒரு திருடன். அதை நீங்க வெள்ளிக்கிழமைக்குள்ள நிரூபிச்சுக் குடுக்கணும்."

"இன்னிக்குச் செவ்வாய்தானே? தாராளமா டயம் இருக்கு. நடுவுல ரெண்டு கொலையும் பார்த்துடலாம்," என்றேன். பாஸ் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

மார்லிஸ் ஜன்னல் வழியாகக் கீழே கையைக் காட்டினார். தெருவில் ஒரு பழைய நீல வேன். முன் ஸீட்டில் பெரிய உடம்புக்காரர் ஒருவர், மஃப்ளரை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என் வீட்டுக்காரர், கில். மேல வரமாட்டாரு. யார்கிட்டயும் பேசவும் மாட்டாரு."

"ஏலம் விடுற கில் ட்வீட்டா?" என்றார் பாஸ்.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. எங்கள் வட்டாரத்தில் டிராக்டரோ, கறவை மாடோ, செத்துப்போன கிழவரின் தட்டுமுட்டுச் சாமானோ, எது விலைபோனாலும் அது கில் ட்வீட்டின் வாய் வழியாகத்தான் போகும். ஒரே மூச்சில் அத்தனை விலையும் சொல்லுவார். சின்ன வயதில் அதைக் கேட்பதற்காகவே ஏலத்துக்குப் போய்விட்டு, வேண்டாத ஒரு ஆட்டைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து அடி வாங்கியிருக்கிறேன்.

"வாயில கேன்சர் வந்துச்சு," என்றார் மார்லிஸ். "ஆளு பொழச்சுட்டாரு. ஆனா கதிர் வச்சதுல பல்லு மொத்தமும் போச்சு. பொக்கை வாயை வச்சுக்கிட்டு ஏலம் விட முடியுமா? மூணு தரம்னு சொன்னா வெறும் காத்துதான் வருது. இன்ஷூரன்ஸ்ல, பல்லு கட்டுறது வைத்தியத்துல சேராதுன்னுட்டாங்க."

"ஏலக் கம்பெனில என்ன சொல்றாங்க?"

"மார்ச் வரைக்கும் அவரோட ஸ்டூலைக் காலியா வச்சிருக்கோம்னு சொல்லியிருக்காங்க. அப்புறம் பண்ணை ஏலம் எல்லாம் ஆரம்பிச்சிரும், யாராவது உக்காந்துதானே ஆகணும்? பல் டாக்டர் ஜனவரில அளவெடுத்தா, பொருத்தி, பேசிப் பழக நேரம் சரியா இருக்கும். ஆனா அவர் முன்பணம் இல்லாம வாயைத் திறன்னுகூட சொல்லமாட்டேங்கறாரு. அந்தப் பணத்துக்குத்தான் நான் ஆபீஸ் கார்டை நம்பியிருந்தேன்."

"அது என்ன கார்டு?" என்றேன். எங்கள் அலுவலகத்தில் எனக்கு இருக்கும் ஒரே சலுகை பாஸ் போடும் காபி. அதுவும் சலுகையா தண்டனையா என்று இன்னும் முடிவாகவில்லை.

"வைத்தியச் செலவுக்கான கார்டு, தம்பி. வருஷம் பொறக்குறதுக்கு முன்னாடியே, எனக்கு இவ்வளவு வேணும்னு நாம எழுதிக் குடுத்துடணும். அதை வரி போடுறதுக்கு முன்னாடியே சம்பளத்துலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாப் பிடிப்பாங்க. ஆனா கார்டுல மொத்தமும் ஜனவரி ஒண்ணாம் தேதியே வந்துரும். முதல்ல செலவு பண்ணிக்கலாம், வருஷம் பூரா கட்டிக்கலாம்."

"அடேங்கப்பா! இவ்வளவு நல்லவங்களா?"

"இரு. வருஷக் கடைசில மிச்சம் இருந்தா அது நம்ம காசு இல்ல. கம்பெனிக்குப் போயிரும்."

"அதானே பார்த்தேன்."

"இத்தனை வருஷமா எங்க கம்பெனில ஆளுக்கு மூவாயிரம் டாலர் வரைக்கும் எழுதலாம். இந்த வருஷக் காசு கேன்சர் வைத்தியத்துக்கே போச்சு. அடுத்த வருஷத்துது கில்லோட பல் செட்டுக்குச் சரியா இருந்திருக்கும். போன மாசம் திடீர்னு நோட்டீஸ் போட்டுட்டாங்க. அடுத்த வருஷத்துலேர்ந்து ஐந்நூறுதானாம். ஐந்நூறுக்கு ஒரு கடவாய்ப்பல்லு வருமா?" மார்லிஸ் கைப்பையை இழுத்து மூடினார். "வெள்ளிக்கிழமை சாயங்காலத்தோட எழுதிக் குடுக்கறது முடியுது. அதுக்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மாத்த முடியாது."

"ஏன் குறைச்சாங்க?" என்றார் பாஸ்.

"நஷ்டமாம். எல்லாரும் லானி போலைத் திட்டுறாங்க. அவன் ஜனவரில கண் ஆபரேஷனுக்கு மொத்தக் காசையும் செலவு பண்ணிட்டு, பிப்ரவரில வேற வேலைக்குப் போயிட்டான். ஆனா ஒருத்தன் ஓடிப் போனா கம்பெனி கவுந்துருமா? நாங்க விடுற மிச்சக் காசையெல்லாம் ரஸ் ஹேக்லண்ட் அமுக்குறாருன்னுதான் நான் நினைக்கிறேன். அவரைக் கையும் களவுமாப் பிடிச்சுட்டா, பழைய மூவாயிரத்தைத் திருப்பிக் குடுத்துத்தானே ஆகணும்?"

வழியனுப்ப நானும் பாஸும் வேன் வரைக்கும் போனோம். கில் எங்களைப் பார்த்தார், மஃப்ளரை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்தார்.

"இவங்க கேஸை எடுத்துக்கறாங்களாம். ஏதாவது சொல்லணுமா?" என்று மார்லிஸ் கேட்டார்.

கில் விரல் முட்டியால் டாஷ்போர்டில் ஒரே ஒரு தட்டு தட்டினார். டொக்.

"சரக்கை யாருமே கேக்கலேன்னா ஏலத்துல இப்படித்தான் தட்டுவாரு," என்றார் மார்லிஸ், முகத்தைத் திருப்பிக்கொண்டு. "வந்த வண்டிக்கே சரக்கு திரும்பிப் போயிரும். இப்பல்லாம் எதைக் கேட்டாலும் இந்த ஒரு தட்டுதான்."

*

லானி போல் ஊர்க்கோடி பௌலிங் கூடத்தில், கடைசித் தடத்தில், தன்னந்தனியாகப் பந்து உருட்டிக்கொண்டிருந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். கண்ணாடி போடாத முகம் அவனுக்கே இன்னும் பழகவில்லை போலிருக்கிறது, அடிக்கடி மூக்குத் தண்டைத் தொட்டு இல்லாத கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டான்.

"எந்த டீம்?" என்று கேட்டேன்.

"நானே ராஜா நானே மந்திரி. ஹேக்லண்ட் டீம்ல என் பேரை எடுத்துட்டாங்க."

பாஸ் சுற்றி வளைக்கவில்லை. "ஓடிப் போனது நீங்கதான்னு ஊரே சொல்லுது, லானி."

"ஓடிப் போகல. வேலை மாறினேன். கார்டுல இருந்ததைச் செலவு பண்ணினேன், பாதில வேலையை விட்டா மிச்சத்தைக் கட்டத் தேவையில்லன்னு சட்டமே சொல்லுது. சட்டத்தை நானா எழுதினேன்?" பந்தை ஓங்கி உருட்டினான். அது ஓரக் கால்வாயில் விழுந்தது. "போன மாசம் எங்கம்மா செத்துப் போயிட்டாங்க. அடக்கத்தன்னிக்கு ஒருத்தராவது ஒரு பாத்திரம் சாப்பாடு கொண்டு வரணுமே? எங்க வீட்டு மேஜை காலியாவே கிடந்துச்சு. இந்த ஊர்ல நாய் செத்தாக்கூட யாராவது ஒரு கேக்காவது சுட்டுக் கொண்டு வருவாங்க."

எங்கள் ஊரில் அடக்கத்து வீட்டு மேஜை காலியாகக் கிடப்பதென்றால் அது சாதாரண விஷயமில்லை.

"ஒண்ணு சொல்லட்டுமா?" என்றான் லானி. "நான் ஒண்ணும் முதல் ஆள் இல்ல. அதுக்கு முந்தின வருஷம் ஆர்னி பெரியவர் காதுக்கு மெஷின் வாங்கிட்டு, அடுத்த மாசமே மக வீட்டோட போயிட்டாரு. அவருக்குக் கேக் வெட்டிக் கைதட்டி அனுப்பினாங்க. வருஷா வருஷம் ரெண்டு மூணு பேர் இப்படிப் போயிட்டுத்தான் இருந்தாங்க. அப்பல்லாம் வரம்பு குறையல. நான் போனப்ப மட்டும் எப்படிக் குறைஞ்சுது?"

பாஸ் எழுந்து அவன் தோளைத் தட்டினார்.

"நான் கேக்க வந்த கேள்வியை நீங்களே கேட்டுட்டீங்க, லானி."

காரில் ஏறியதும், "என்ன பாஸ், ஒண்ணுமே கிடைக்கலையே," என்றேன்.

"கிடைச்சுதே. வருஷா வருஷம் ஒரே மாதிரி நடக்கற ஒரு விஷயத்துக்காக ஒருத்தர் புதுசாக் கோபப்படமாட்டார். வேற என்னவோ மாறியிருக்கு. அதைத்தான் தேடணும்."

*

துடுப்புக் கம்பெனிக்கு நாங்கள் போனபோது மதியம் மூன்று மணிதான், ஆனால் வானம் அதற்குள் இருட்டத் தயாராகியிருந்தது. வெளியே பனி பொடியாக விழுந்துகொண்டிருந்தது. ரஸ் ஹேக்லண்ட் போனில் இருக்கிறார் என்று எங்களை ஊழியர்களின் ஓய்வறையில் உட்காரவைத்தார்கள்.

காபி குடிக்க வந்த ஏழெட்டுப் பேரைப் பார்த்தேன். எல்லார் மூக்கிலும் கண்ணாடி. எல்லாம் இன்னும் புதுசாகவே மின்னின. ஒருவர் நெற்றிமேல் கறுப்புக் கண்ணாடி வேறு தள்ளிவிட்டிருந்தார். சூரியன் வந்து விசாரித்துவிட்டுப் போனாலே பெரிய விஷயம் என்கிற ஊரில் அவருக்குக் கறுப்புக் கண்ணாடி எதற்கு? அதுகூடப் பரவாயில்லை. மைக்ரோவேவ் அடுப்பின் மேல் சன்ஸ்கிரீன் பாட்டில்கள் வரிசையாக நின்றன. சிங்க் ஓரத்தில் இன்னும் சில. கதவு தானாக மூடிக்கொள்ளாமலிருக்க முட்டுக் கொடுத்திருந்ததும் ஒரு சன்ஸ்கிரீன் பாட்டில்தான்.

"பாஸ், இவங்க துடுப்புக்கு வார்னிஷ் அடிக்கறாங்களா, இல்ல இதைத் தடவி அனுப்பறாங்களா?"

பாஸ் ஒரு பாட்டிலை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அடியில் வட்டமாக ஒரு பச்சை ஸ்டிக்கர், லூண்ட் மருந்துக் கடையின் விலைச் சீட்டு. இன்னொரு பாட்டில், அதே பச்சை. கதவடியில் கிடந்ததைக் குனிந்து பார்த்தார், அதுவும் பச்சை.

"ஒரே கடை, ஒரே கம்பெனிச் சரக்கு," என்று முணுமுணுத்தார். "இது ஆளாளுக்குத் தோணினப்ப வாங்கினதில்ல, ஓரின். எல்லாரையும் யாரோ சேர்த்துக் கூட்டிட்டுப் போயிருக்காங்க."

பிறகு என் கோட்டுப் பையில் கையை விட்டு, மார்லிஸ் கொடுத்த பிளாஸ்திரி டப்பாவை வெளியே எடுத்தார். அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி பைக்குள்ளேயே போட்டார். அவர் முகம் வாடிப்போயிருந்தது. அவருக்கும் எங்காவது அடிபட்டிருக்கிறதா என்று கேட்க நினைத்தேன், அதற்குள் எங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ரஸ் ஹேக்லண்டைப் பார்த்தால் திருடன் மாதிரி இல்லை. நாலு நாளாகத் தூங்காதவர் மாதிரி இருந்தார். அறை மூலையில் விற்காத துடுப்புகள் கட்டுக் கட்டாகச் சாய்ந்திருந்தன.

"மேல் வரம்பைத்தான் அரசாங்கம் போடுது, வெர்னா," என்றார். "அதுக்குக் கீழ எவ்வளவுன்னு நான்தான் முடிவு பண்ணணும். ஐந்நூறும் வைக்கலாம், அம்பதும் வைக்கலாம். இந்தச் சமாசாரமே இங்க கிடையாதுன்னும் சொல்லலாம். சட்டப்படி ஒருத்தரும் என்னைக் கேக்க முடியாது."

"கேக்க முடியாதுன்னு தெரியும் ரஸ். தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன். மிச்சக் காசு எங்க போகுது?"

அவர் சிரித்தார், சந்தோஷமில்லாத சிரிப்பு. "என் பைக்குப் போகுதுன்னு பேசிக்கறாங்களா? கேளுங்க. ஜனவரில மூவாயிரத்தையும் செலவு பண்ணிட்டு ஒருத்தர் போயிட்டா, அவர் கட்டாத பாக்கி என் தலைல விழும். இந்த வருஷம் மூணு பேர் போனாங்க, யாருன்னு நான் சொல்லக் கூடாது. எல்லா வருஷமும் போவாங்க. ஆனா மத்தவங்க இருக்காங்களே, அவங்க மறந்துருவாங்க. இவர் நாப்பது டாலர் விடுவாரு, அவங்க நூறு விடுவாங்க. மறந்தவங்க விட்ட காசை வச்சுப் போனவங்க போட்ட ஓட்டையை அடைப்பேன். அதுக்குச் சட்டம் இடம் குடுக்குது. எங்கப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான் ஓடிட்டு இருந்துச்சு."

"இந்தத் தடவை என்ன ஆச்சு?"

"மிச்சமே இல்ல, வெர்னா. போன டிசம்பர் முடிஞ்சு பார்த்தா, சட்டியை வழிச்சு எடுத்த மாதிரி இருக்கு. ஒரு ஆள்கூட மறக்கல. உங்க மெஷின்ல கோளாறான்னு கார்டு கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டேன்னா பாருங்களேன்." மூலையிலிருந்த துடுப்புகளைப் பார்த்தார். "எல்லாரும் பிளாஸ்டிக் துடுப்புக்கு மாறிட்டாங்க. அடுத்த ஜனவரில அஞ்சு பேர் மூவாயிரத்தோட கிளம்பிட்டா நான் எங்க போவேன்? அதான் குறைச்சேன்."

வெளியே வரும்போது பாஸ் மிக மெதுவாக நடந்தார்.

"ஆக, திருட்டு இல்லையா பாஸ்?"

"இல்ல."

"அப்ப கேஸ் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. அதுதான் எனக்குப் பிடிக்கல."

*

எங்கள் கார் கிளம்பவில்லை. குளிரில் பாட்டரி செத்துப்போயிருந்தது. நான் அதன் பரம்பரையையே திட்டிக்கொண்டிருந்தபோது, ஷிஃப்ட் முடியும் முன்பே தன் வேலையை முடித்து வெளியே வந்த மார்லிஸ் எங்களைப் பார்த்துக் கையசைத்தார். கில் அவரைக் கூட்டிப்போக வந்து வேனில் காத்துக்கொண்டிருந்தார்.

"பாட்டரியா? பின்னாடி கேபிள் வச்சிருக்கேன், இருங்க."

வேனின் பின்கதவைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு அட்டைப் பெட்டி சரிந்து, சன்ஸ்கிரீன் பாட்டில்கள் உருண்டு பனியில் விழுந்தன. பின்னாலேயே பிளாஸ்திரி டப்பாக்கள், தெர்மாமீட்டர்கள், முழங்காலுக்குக் கட்டும் பட்டைகள். எல்லாவற்றிலும் வட்டமாகப் பச்சை ஸ்டிக்கர்.

நான் என் கட்டைவிரலைப் பார்த்தேன். பிறகு பாஸைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே தெரிந்துவைத்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

கேபிளை மாட்டி எங்கள் காரைக் கிளப்பினோம். அப்புறம்தான் பாஸ் கேட்டார். "மார்லிஸ், போன டிசம்பர்ல எல்லாரையும் லூண்ட் கடைக்குக் கூட்டிட்டுப் போனது நீங்கதானே?"

மார்லிஸின் முகம் மலர்ந்தது. காலையிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

"யாரு சொன்னா உங்களுக்கு? ஆமா, நான்தான்! அதுக்கு முந்தின வருஷம் எங்க பிரிவு ஹார்வி நூறு டாலரை மறந்து விட்டுட்டு, பெரிய ஆம்பளை, உக்காந்து அழுதாரு. எனக்கு வயிறு எரிஞ்சுது. நாம பாடுபட்ட காசு கம்பெனிக்கு ஏன் போகணும்? வேலைக்கு வந்ததும் அட்டெண்டன்ஸ் தேய்க்கற மெஷின் மேல பெருசா எழுதி ஒட்டினேன், 'உங்க காசு, விட்டுடாதீங்க'ன்னு. டிசம்பர் கடைசில இந்த வேன்ல ட்ரிப் ட்ரிப்பா ஆளுங்களை ஏத்திட்டுப் போனேன். கண்ணாடி வேணும்னவங்களுக்குக் கண்ணாடி, ஒண்ணும் வேண்டாம்னவங்களுக்கு இந்த மாதிரி, வைத்தியச் சாமான்னு கார்டு எதை எடுக்குமோ அது. ஒருத்தர்கூட ஒரு பைசா விடல, தெரியுமா! என் வாழ்க்கைல நான் உருப்படியாச் செஞ்ச ஒரே காரியம் அது." பாட்டில் ஒன்றைப் பொறுக்கிப் பனியைத் துடைத்தார். "அதை விடுங்க. ரஸ் மாட்டினாரா?"

"அவர் திருடல, மார்லிஸ்."

"அப்ப லானிதானா?"

"லானியும் இல்ல."

"பின்ன யாரு?"

பாஸ் ஒரு கணம் என்னைப் பார்த்தார். ஏதாவது கிண்டல் பண்ணி இந்தப் பேச்சை மாற்றிவிட மாட்டானா என்று கேட்கிற மாதிரி இருந்தது. சத்தியமாக எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

"வருஷா வருஷம் ரெண்டு மூணு பேர் பாதில போவாங்க," என்றார் பாஸ், ரொம்பவும் தணிந்த குரலில். "அவங்க வைக்கற பாக்கியை, மறந்தவங்க விட்ட காசுதான் அடைச்சுட்டு இருந்துச்சு. அதனாலதான் ரஸ் மூவாயிரம் குடுக்க முடிஞ்சுது. போன டிசம்பர்ல யாருமே மறக்கல."

மார்லிஸ் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார். அடியிலிருந்த பச்சை ஸ்டிக்கரைக் கட்டைவிரலால் தேய்த்தார்.

"நானா?" என்றார்.

பாஸ் மெல்லத் தலையசைத்தார்.

"கில்லோட பல்லை... நானா?"

அந்த நேரம் பார்த்து ரஸ் ஹேக்லண்ட் கையில் பனிச் சுரண்டியோடு தன் காரைத் தேடி வந்தார். மார்லிஸ் பாட்டிலோடு அவரிடம் ஓடினார். பனியில் கால் வழுக்கி விழப் பார்த்தார். நடந்ததையெல்லாம் மூச்சு வாங்க, முன்னும் பின்னுமாக, ஒரே கொட்டாகக் கொட்டினார்.

"எனக்குத் தெரியாது ரஸ். சத்தியமாத் தெரியாது. இனிமே ஒட்டமாட்டேன், யாரையும் கூட்டிட்டுப் போகமாட்டேன். பழையபடி மூவாயிரம் வச்சிருங்க."

ரஸ் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"நீ நல்லதுக்குத்தான் பண்ணினே, மார்லிஸ். ஆனா இப்ப எல்லாரும் கத்துக்கிட்டாங்களே. இந்த டிசம்பருக்கு வேன் எப்பன்னு உன்னைக் கேக்க ஆரம்பிச்சுட்டாங்களா இல்லையா?"

மார்லிஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீ ஒட்டலேன்னாலும் இனிமே வழிச்சுத்தான் எடுப்பாங்க. நீ சொன்னதைக் கேட்டா ஐந்நூறே ஜாஸ்தின்னு தோணுது எனக்கு."

"கில்லுக்கு மட்டும் தனியா வச்சுக் குடுக்க முடியாதா?" என்று நான் குறுக்கே விழுந்து கேட்டேன்.

"அவங்களுக்கு மட்டும் தனி வரம்பு வைக்கச் சட்டம் விடாது, தம்பி. எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"அப்ப நான் என்னதான் செய்யறது ரஸ்?" மார்லிஸ் கத்தினார். "எல்லாரும் உங்க காசை விட்டுடுங்க, என் வீட்டுக்காரருக்குப் பல்லு வேணும்னு மெஷின் மேல எழுதி ஒட்டவா?"

ரஸ் காரின் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டினார். சுரண்டி முடித்த இடத்தையே மறுபடியும் சுரண்டினார்.

நான் கோபக்காரன். யாரையாவது பிடித்துத் திட்டினால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். அன்றைக்குத் திட்டுவதற்கு அங்கே ஒரு ஆள் இல்லை. திருடன் இருந்திருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். ஐயோ, ஒரு திருடன் இருந்திருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொண்டது.

சங்கு ஊதியது. ஷிஃப்ட் முடிந்து ஆட்கள் கும்பலாக வெளியே வந்தார்கள். மார்லிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"லானி மேல இருக்கற பழியையாவது எடுத்துடறேன்," என்றார் பாஸிடம். "அவங்கம்மா அடக்கத்துக்கு நானும்தான் ஒண்ணும் கொண்டு போகல."

முதலில் வந்தவர் ஹார்வி. மார்லிஸ் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். "ஹார்வி, வரம்பு குறைஞ்சது லானியால இல்ல. என்னால. போன டிசம்பர் நாம எல்லாத்தையும் செலவு பண்ணினோமே, அதனால."

ஹார்வி அவரைக் கட்டிப்பிடித்துத் தட்டிக் கொடுத்தார். "நீ எவ்வளவு நல்லவ மார்லிஸ்! அந்தப் பயலைக் காப்பாத்த உன் மேலயே பழியைப் போட்டுக்கற பாரு." அவர் போய்விட்டார்.

அடுத்து வந்த இரண்டு இளம்பெண்கள் பாதி கேட்கும்போதே சிரித்துவிட்டார்கள். "போங்க மார்லிஸ்! சும்மா விளையாடாதீங்க. இந்தத் தடவை வேன்ல எங்க பேரை முதல்ல எழுதிக்கோங்க, என்ன?"

கடைசியாக வந்தார் கறுப்புக் கண்ணாடிக்காரர். இருட்டத் தொடங்கியும் அதை நெற்றியிலிருந்து அவர் எடுக்கவில்லை. மார்லிஸ் அவரிடம் கெஞ்சவே ஆரம்பித்துவிட்டார். "நம்புங்க. லானி ஒண்ணும் பண்ணல. நான்தான் பண்ணினேன்."

"ஓடினவனை விட்டுட்டு உன்னைத் திட்டச் சொல்றியா?" என்றார் அவர். "இந்தக் கண்ணாடி உன்னாலதான் எனக்குக் கிடைச்சுது. அவன் பேச்சை என்கிட்ட எடுக்காதே." கார்க் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார்.

வண்டிகள் ஒவ்வொன்றாக விளக்குப் போட்டுக்கொண்டு கிளம்பின. ரஸ்ஸின் காரும் போய்விட்டது. மைதானம் மாதிரி கிடந்த அந்த இடத்தில் நாங்கள் மட்டும் நின்றோம். மார்லிஸ் இன்னும் அந்த ஒரு பாட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தார், கையுறைகூட இல்லாமல்.

வேனின் ஜன்னல் இறங்கியிருந்தது. கில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். மஃப்ளரை மோவாய்க்குக் கீழே இறக்கிவிட்டார். உதடுகள் உள்ளே மடிந்த அந்த வாய் ஒரு முறை திறந்தது. மார்லிஸைப் பார்த்து என்னவோ சொல்ல முயன்றார். காற்றுதான் வந்தது. வாயை மூடிக்கொண்டு, விரல் முட்டியால் டாஷ்போர்டில் தட்டினார்.

டொக்.

பாஸ்தான் முதலில் குனிந்தார். நானும் பனியில் மண்டியிட்டுப் பாட்டில்களைப் பொறுக்கி வேனில் ஏற்ற ஆரம்பித்தேன். கடைசியாக, என் கோட்டுப் பையிலிருந்த பிளாஸ்திரி டப்பாவையும் எடுத்து அவற்றோடு வைத்தேன்.